அது யார் பணம்? அமெரிக்கத் தேர்தலில் நன்கொடை வரம்பும் சொந்தப் பண வேட்பாளரும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் குடியேறிக் கொஞ்ச காலம் ஆனதும், தேர்தல் நம் கைப்பேசி வழியாக வீட்டுக்குள் நுழைந்துவிடும். "இன்று நள்ளிரவுக்குள் 25 டாலர் அனுப்புங்கள்" என்று நாளுக்கு நாலு குறுஞ்செய்தி வரும். வார இறுதியில் நண்பர் வீட்டுக் கூடத்தில் ஒரு வேட்பாளர் வந்து கை குலுக்குவார். அவருக்கு நீங்கள் 3,500 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது என்பார்கள். மறுநாள் செய்தியைத் திறந்தால், அவரை எதிர்த்து நிற்பவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு கோடி டாலரை இறக்கியிருப்பார். எனக்கு மட்டும் கட்டுப்பாடு, அவருக்குக் கிடையாதா என்று கேட்காத புதியவர் இல்லை.

இந்த இரண்டு விதிகளும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: அது யார் பணம்? அடுத்தவர் பணம் என்றால் வரம்பு உண்டு. வேட்பாளரின் சொந்தப் பணம் என்றால் இல்லை. கொடுக்கப் போகிறவரும் சரி, நிற்கப் போகிறவரும் சரி, ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இங்கே சொல்பவை ஜனாதிபதி, செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய கூட்டாட்சித் தேர்தல்களுக்கானவை. ஆளுநர், மேயர், பள்ளி வாரியம் எல்லாம் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே நிலைமை ஊருக்கு ஊர் மாறும். வர்ஜீனியாவில் தனிநபர் நன்கொடைக்கு வரம்பே கிடையாது.

முதல் படி: நீங்கள் கொடுக்கலாமா?

குடியுரிமை பெற்றவர் கொடுக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவரும் கொடுக்கலாம், வாக்களிக்கத்தான் முடியாது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. வருடக்கணக்கில் வரி கட்டியிருந்தாலும், கிரீன் கார்டு விண்ணப்பம் பல ஆண்டுகளாக வரிசையில் கிடந்தாலும் இதுதான் நிலை. இந்தத் தடை மட்டும் மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்கும் சேர்த்தே பொருந்தும். நன்கொடைப் பக்கத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளர்" என்று ஒரு பெட்டி இருக்கும். அதைப் படிக்காமல் டிக் செய்துவிட்டு, பிறகு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விசாவில் இருப்பவர் சம்பளமில்லாத் தொண்டராக வேலை செய்யலாம். பணத்தை எங்கே செலவழிப்பது போன்ற முடிவுகளில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது.

இன்னொரு தடையும் நம்மவர்களில் பலரைத் தொடும். கூட்டாட்சி அரசோடு நீங்களே தனியாளாக ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறீர்கள் என்றால், அந்த ஒப்பந்தக் காலத்தில் கூட்டாட்சித் தேர்தலுக்குக் கொடுக்கக் கூடாது. அரசு ஒப்பந்தம் எடுத்த ஒரு நிறுவனத்தில் ஊழியராக இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை, அவர் தன் பணத்தைக் கொடுக்கலாம். ஆனால் நிறுவனத்தின் பணத்தைக் கொடுக்க முடியாது. பதிவு செய்த நிறுவனங்களின் பணம் வேட்பாளரின் பிரசாரக் குழுவுக்கு வரவே கூடாது என்பது பழைய விதி. ஆகவே உங்கள் பெயரிலேயே இருந்தாலும் கம்பெனி கிரெடிட் கார்டை எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு?

2025-26 காலத்துக்கு, ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 3,500 டாலர் வரை கொடுக்கலாம். "ஒரு தேர்தலுக்கு" என்பதைக் கவனியுங்கள். கட்சிக்குள் நடக்கும் ப்ரைமரி ஒரு தேர்தல், நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தல் இன்னொன்று. ஆக ஒரே வேட்பாளருக்கு 7,000 டாலர். ரன்ஆஃப் எனப்படும் இரண்டாம் சுற்றுத் தேர்தல் வந்தால் அதற்கு இன்னும் 3,500. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு, ஒருவருக்கு மட்டும் வருமானம் இருந்தாலும்கூட. ஒற்றைப்படை ஆண்டு பிறக்கும்போதெல்லாம் விலைவாசிக்கேற்ப இந்தத் தொகை மாறும். 2023-24இல் 3,300ஆக இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியலை நம்பாமல், எஃப்.இ.சி. எனப்படும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அந்த ஆண்டின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஏசி எனப்படும் அரசியல் குழுக்களுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை, கட்சியின் தேசியக் குழுவுக்கு ஆண்டுக்கு 44,300 டாலர் வரை கொடுக்கலாம். எல்லா வேட்பாளர்களுக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்ற மொத்த வரம்பு முன்பு இருந்தது. மக்கட்சன் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஆகவே 50 வேட்பாளர்களுக்கு ஆளுக்கு 3,500 கொடுத்தாலும் தவறில்லை, உங்களுக்குக் கட்டுப்படியானால். சூப்பர் பிஏசிக்கு வரம்பே கிடையாது. அது வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியே செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் "தனியே" என்பது நடைமுறையில் எவ்வளவு மெல்லிய சுவர் என்பதை அடுத்த தேர்தலில் நீங்களே பார்ப்பீர்கள்.

செக்கும் கார்டும் மட்டும் நன்கொடை என்று நினைக்க வேண்டாம். 100 டாலர் டிக்கெட் வாங்கி நிதி திரட்டும் விருந்துக்குப் போனால், சாப்பாட்டின் விலையைக் கழிக்காமல் 100 டாலரும் நன்கொடைதான். தொப்பி, டி-ஷர்ட் வாங்கினாலும் அப்படியே. வேட்பாளருக்கு இலவசமாக அச்சடித்துக் கொடுத்தால் அதன் சந்தை விலை நன்கொடை. ஆனால் உங்கள் உழைப்புக்குக் கணக்கு கிடையாது. வீட்டில் ஒரு கூட்டம் வைத்து இட்லியும் காபியும் கொடுத்தால், அழைப்பிதழும் சாப்பாடும் சேர்த்து ஒரு தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு 1,000 டாலர் வரை நன்கொடையில் சேராது. தம்பதி என்றால் 2,000 வரை. விருந்தோம்பலில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்பதால், இது நமக்கென்றே எழுதிய விலக்கு மாதிரி இருக்கிறது!

மூன்றாம் படி: கொடுக்கும் விதம்

ரொக்கமாக 100 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. கார்டு அல்லது செக்தான் நல்லது. பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் கேட்பார்கள். ஒரு தேர்தல் சுற்றில் மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் இவை ஆணையத்துக்குப் போய், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி வெளியாகும். ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற நன்கொடைத் தளங்கள் வழியாகப் போனால் சிறு தொகையும் அந்தத் தளத்தின் அறிக்கையில் வந்துவிடும். அலுவலகத்தில் அரசியல் பேசாத ஆள் என்றால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். "மாதாமாதம்" என்ற பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கிறதா என்றும் ஒரு கண் பாருங்கள். வருமான வரியில் இதற்குக் கழிவு கிடையாது. கோயிலுக்குக் கொடுப்பது வேறு, இது வேறு.

கூட்டுக் கணக்கிலிருந்து செக் கொடுத்தால், இருவருடைய பணமும் என்றால் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு சிறிய பிரசாரக் குழுவில் கணக்கு எழுத உதவிய காலத்தில், கணவர் மட்டும் கையெழுத்திட்ட பெரிய செக்குகள்தான் எனக்குத் தலைவலி. எது கணவருடையது, எது மனைவியுடையது, ப்ரைமரிக்கா பொதுத் தேர்தலுக்கா என்று கடிதம் எழுதித் தெளிவுபடுத்த வேண்டும். வரம்பு மீறிய தொகையைச் சரிசெய்யவோ திருப்பித் தரவோ குழுவுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. செக்கின் அடியில் "ப்ரைமரி 3,500" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவு கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டிருக்காது.

இதில் விளையாடவே கூடாத இடம் ஒன்று உண்டு: அடுத்தவர் பெயரில் கொடுப்பது. உங்கள் வரம்பு தீர்ந்துவிட்டது என்று நண்பரிடம் பணத்தைக் கொடுத்து "உன் பெயரில் போடு, நான் தந்துவிடுகிறேன்" என்றால் அது குற்றம். எழுத்தாளர் தினேஷ் டிசூசா 2012இல் நியூயார்க் செனட் வேட்பாளர் ஒருவருக்கு இப்படி 20,000 டாலர் அனுப்பி, 2014இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எட்டு மாதம் தண்டனை பெற்றவர்களுக்கான கண்காணிப்பு விடுதியில் தங்க வேண்டியிருந்தது, ஐந்து ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 30,000 டாலர் அபராதம். 2018இல் ஜனாதிபதியின் மன்னிப்பு கிடைத்தது. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது. பிள்ளைகள் பெயரில் கொடுப்பதும் இதே வகைதான். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் தன் விருப்பத்தில், தன் பணத்தைக் கொடுக்கலாம். அப்பா எடுத்துக் கொடுத்த பணம் அப்பாவின் பணமே.

சரி, சொந்தப் பணத்துக்கு ஏன் வரம்பில்லை?

வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974இல் வந்த சட்டம் இரண்டையும்தான் கட்டியது. ஒருவர் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. வேட்பாளர் தன் பணத்தையும், குடும்பத்தின் பணத்தையும் ஒரு அளவுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. பிரதிநிதிகள் சபைக்கு அந்த அளவு 25,000 டாலர். இதை எதிர்த்து எழுந்த பக்லி எதிர் வாலியோ வழக்கில், 1976இல் உச்ச நீதிமன்றம் முதல் பாதியை ஏற்று இரண்டாம் பாதியை வெட்டியது. பெரிய தொகை கொடுப்பவர் பதிலுக்கு ஏதாவது கேட்பார், அந்த ஊழல் வாய்ப்பைத் தடுக்க நன்கொடைக்கு வரம்பு போடலாம். ஆனால் ஒருவர் தனக்குத் தானே லஞ்சம் கொடுக்க முடியாதே! சொந்தப் பணம் அடுத்தவரை நம்பியிருப்பதைக் குறைக்கத்தான் செய்யும் என்றது நீதிமன்றம். அந்தத் தர்க்கம் இன்றுவரை அசையவில்லை. ஒரே ஒரு விலக்கு: ஜனாதிபதி வேட்பாளர் அரசின் பொது நிதியை வாங்கினால், சொந்தப் பணத்தில் 50,000 டாலருக்கு மேல் போடக் கூடாது.

பணக்கார வேட்பாளரை வேறு வழியில் மடக்கவும் பார்த்தார்கள். மெக்கெய்ன், ஃபைங்கோல்ட் பெயரால் அறியப்படும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. சபை வேட்பாளர் சொந்தப் பணத்தில் 350,000 டாலருக்கு மேல் செலவழித்தால், எதிராளி வழக்கமான வரம்பைப் போல மூன்று மடங்கு வாங்கிக்கொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தில் சொந்தப் பணத்தில் போட்டியிட்ட ஜாக் டேவிஸ் வழக்குப் போட்டார். 2008இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பிரிவு விழுந்தது. ஆகவே எதிரில் நிற்பவர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும், உங்கள் வரம்பு இன்று அதே 3,500தான்.

நான்காம் படி: சொந்தப் பணத்தில் நிற்க நினைத்தால், முதலில் இதைப் பாருங்கள்

பணம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்ற நினைப்பைப் பதிவேடுகள் ஆதரிக்கவில்லை. மைக்கேல் ப்ளூம்பெர்க் 2020இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி ப்ரைமரியில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அவர் வென்ற ஒரே இடம் அமெரிக்கன் சமோவா என்ற சின்னத் தீவுப் பகுதி. மெக் விட்மன் 2010இல் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குத் தன் பணத்தில் சுமார் 14 கோடி டாலர் போட்டுத் தோற்றார். லிண்டா மெக்மஹன் கனெக்டிகட்டில் இரண்டு முறை செனட்டுக்கு நின்றார், ஒவ்வொரு முறையும் சுமார் 5 கோடி, இரண்டும் தோல்வி. ஜெயித்தவர்களும் உண்டு: நியூ ஜெர்ஸியில் ஜான் கோர்ஸைன் 2000இல் சுமார் 6 கோடி செலவழித்து செனட்டுக்குப் போனார்.

நம்மூர்க்காரர்கள் பார்க்க வேண்டியது ஸ்ரீ தானேதாரின் பாதை. கர்நாடகத்தின் பெலகாவியில் வளர்ந்து அமெரிக்காவில் தொழில் நடத்தியவர். 2018இல் மிஷிகன் ஆளுநர் பதவிக்கான ப்ரைமரியில் தன் பணத்தை நிறையக் கொட்டி மூன்றாம் இடம் வந்தார். பிறகு மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று ஜெயித்து, அப்புறம் 2022இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார். அப்போதும் சொந்தப் பணம் இருந்தது. ஆனால் அதற்கு முன் தொகுதியில் ஒரு முகம் கிடைத்திருந்தது. என் எண்ணம் இதுதான்: 25 டாலர் கொடுத்தவர் வாக்களிக்க வருவார், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருவார். உங்கள் பணத்தில் வாங்கிய விளம்பரம் அதைச் செய்யாது. ஆகவே முதல் மாதத்துச் செலவுக்குச் சொந்தப் பணம் போடுங்கள், தப்பில்லை. அதைக் காட்டி, கூச்சப்பட்டு நன்கொடை கேட்பதைத் தவிர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பதிவு

நீங்கள் வாங்கியதோ செலவழித்ததோ 5,000 டாலரைத் தாண்டியதும் சட்டப்படி வேட்பாளர் ஆகிவிடுகிறீர்கள், அது முழுக்க உங்கள் பணமாக இருந்தாலும். அதிலிருந்து 15 நாளுக்குள், நிற்கிறேன் என்று ஆணையத்துக்கு அறிவிக்கும் படிவம் 2. அதற்குப் பின் 10 நாளுக்குள் உங்கள் குழு தன்னைப் பதிவுசெய்யும் படிவம் 1 கொடுக்க வேண்டும். குழுவுக்கு ஒரு பொருளாளர் கட்டாயம். அவர் இல்லாமல் ஒரு டாலர் வாங்கவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது. நீங்களே பொருளாளராக இருக்க விதி தடுக்காது. ஆனால் வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தனி வங்கிக் கணக்கு திறங்கள். உங்கள் பணத்தை முதலில் அந்தக் கணக்கில் போட்டு, அங்கிருந்து செலவழியுங்கள். அவசரத்தில் சொந்தக் கார்டில் பதாகை அச்சடித்தால் அதற்கும் ரசீது வைத்துக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

ஆறாம் படி: "சொந்தப் பணம்" எது?

புதிய வேட்பாளர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நீங்கள் வேட்பாளர் ஆனபோது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்த சொத்து, உங்கள் சம்பளம், முதலீட்டு வருமானம், வாரிசுரிமையில் வந்தது, லாட்டரியில் விழுந்தது எல்லாம் சொந்தப் பணம். மனைவியோடோ கணவரோடோ கூட்டாக வைத்திருக்கும் சொத்தில் உங்கள் பங்கு மட்டும் உங்களுடையது. பத்திரத்தில் பங்கு குறிப்பிடவில்லை என்றால் பாதி. மீதிப் பாதி துணைவரின் பணம், அவருக்கும் 3,500தான் வரம்பு. தாலி கட்டியவரே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னொரு நன்கொடையாளர்.

அப்பா அம்மாவும் அப்படித்தான். "என் பிள்ளை தேர்தலில் நிற்கிறான், இந்தா ஐம்பதாயிரம்" என்று அப்பா கொடுத்து, நீங்கள் அதை உங்கள் கணக்கில் போட்டு, அங்கிருந்து குழுவுக்கு அனுப்பினால், அது அப்பாவின் வரம்பு மீறிய நன்கொடை. பல ஆண்டுகளாகவே பிறந்தநாளுக்கு அவர் ஒரு தொகை கொடுத்துவருகிறார் என்றால் அந்தப் பழக்கமான பரிசு உங்கள் பணம். தேர்தலுக்காக முளைத்த பரிசு உங்கள் பணம் அல்ல. அப்பா இந்தியாவில் இருக்கும் இந்தியக் குடிமகன் என்றால் வரம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, அது வெளிநாட்டுப் பணம், முழுத் தடை. குடும்பத்தில் கைமாற்று வாங்கினாலும் கடன் தீரும்வரை அது நன்கொடையாகவே எண்ணப்படும்.

உங்கள் நிறுவனத்தின் கணக்கில் இருப்பது உங்கள் பணம் இல்லை. சம்பளமாகவோ லாபப் பங்காகவோ வழக்கமான முறையில் எடுத்து, உங்கள் கைக்கு வந்த பிறகுதான் அது சொந்தப் பணம்.

ஏழாம் படி: கொடையா, கடனா?

உங்கள் குழுவுக்கு நீங்கள் பணத்தைக் கொடுத்துவிடலாம், அல்லது கடனாகப் போடலாம். திரும்ப வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் முதல் நாளே கடன் என்று எழுதுங்கள். கடனைப் பிறகு தள்ளுபடி செய்வது எளிது. வங்கியில் வாங்கிப் போடுவதும் நடக்கும்: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், வழக்கமான வட்டி, ஈடு எல்லாம் இருந்தால் அது நன்கொடை ஆகாது. ஆனால் மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அந்தத் தொகைக்கு மைத்துனர் நன்கொடையாளர்.

தேர்தல் முடிந்த பிறகு வரும் நன்கொடையிலிருந்து வேட்பாளரின் கடனை 250,000 டாலர் வரைதான் திருப்பலாம் என்று முன்பு ஒரு விதி இருந்தது. ஹிலாரி கிளின்டன் 2008இல் தன் குழுவுக்குக் கடனாகப் போட்ட ஒரு கோடி டாலருக்கும் மேலான தொகையைக் கடைசியில் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. டெக்சஸ் செனட்டர் டெட் க்ரூஸ் 2018 தேர்தலில் வேண்டுமென்றே 260,000 டாலர் கடன் போட்டு, விதியைத் தாண்டிய 10,000 டாலரை வைத்து வழக்கு நடத்தினார். 2022இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் விதி ரத்தானது. ஜெயித்து வந்தவரிடம் அதன் பிறகு தரப்படும் நன்கொடை அவர் சொந்தப் பைக்கே போகிறதே என்று எதிர்த்த நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயம் என்றே எனக்கும் படுகிறது. "அது யார் பணம்" என்ற கேள்விக்கு அங்கே இரண்டு பதில் இருக்கிறது.

எட்டாம் படி: கணக்குக் காட்டுதல்

ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, ஜனவரி 31 ஆகிய தேதிகளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். தேர்தலுக்கு முன்னும், பொதுத் தேர்தலுக்குப் பின்னும் கூடுதல் அறிக்கைகள் உண்டு. கடைசி 20 நாளில் 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் சொந்தப் பணத்துக்கும் இது பொருந்தும். கடைசி வாரத்தில் விளம்பரத்துக்காக அவசரமாகப் பணம் போடும் வேட்பாளர்கள் இதை மறந்து அபராதம் கட்டுகிறார்கள். சொத்து விவர அறிக்கை என்று ஒன்று தனியே உண்டு, காங்கிரஸ் வேட்பாளர்கள் அதைத் தாங்கள் போட்டியிடும் அவைக்குக் கொடுக்க வேண்டும்.

குழுவின் பணத்தில் வீட்டுத் தவணை, துணிமணி, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் எதுவும் கட்டக் கூடாது. அதில் பெரும் பகுதி நீங்கள் போட்டதே ஆனாலும், எடுக்க வேண்டுமென்றால் கடன் திருப்பம் என்று எழுதித்தான் எடுக்க வேண்டும்.

தோற்றுப் போனாலும் அறிக்கைகள் தானாக நிற்காது. குழுவுக்குக் கடன் பாக்கி இருக்கும்வரை ஒவ்வொரு காலாண்டும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அச்சகத்துக்கும் வாடகைக்கும் உள்ள பாக்கியைத் தீர்த்து, உங்கள் கடனில் வராததைத் தள்ளுபடி செய்து கடிதம் எழுதி, முடிவு அறிக்கை தாக்கல் செய்யுங்கள். ரசீதுகளையும் செக் நகல்களையும் மட்டும் இன்னும் மூன்று ஆண்டு பெட்டியில் வைத்திருங்கள்.